ஐந்தாம் பாகத்தின் தாழ்ப்பாள்

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருப்பவர்களிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். அப்போது வாய்தவறிக்கூட "கடிதம் வந்தது" என்று சொல்லிவிடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ நலமா? இருமல் நின்றுவிட்டதா? நான் நலம். அப்பா நலம். தீயணைப்பு நிலையத்தில் அவருக்கு இன்னொரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், கூடத்தில் மாட்டியிருக்கிறோம். அம்மா நலம். இடது கையில் மட்டும் கட்டுப் போட்டிருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள்.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. பள்ளிக்கு எதிரே நகல் எடுக்கும் கடை வைத்திருக்கும் அக்காவின் முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அவர் எதையும் துருவிக் கேட்க மாட்டார்.

நான் எழுத வந்தது ஒரு படத்தைப் பற்றி. சிரிக்காதே. 'விண்காவல்' எட்டாம் பாகம் வரப்போகிறது அல்லவா? எங்கள் வகுப்பில் பழைய ஏழு பாகங்களையும் தரம்பிரித்துக் கரும்பலகையில் எழுதினார்கள். ஐந்தாம் பாகம்தான் கடைசி. "அதெல்லாம் ஒரு படமாடி? ரெண்டு மணி நேரம் ஒரு கதவையே காட்டிக்கிட்டு!" என்று என் பக்கத்து இருக்கைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ ஏழிலும் அதுதான் நல்ல படம் என்று தோன்றுகிறது. பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு அதைப் பற்றி எழுதப்போகிறேன். அந்தத் தொடரைக் கரைத்துக் குடித்தவன் நீ. அது ஏன் உனக்குப் பிடிக்கவில்லை என்று விவரமாக எழுது.

எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் தங்கை

*

ஜூன் 26

என் எலிக்குட்டிக்கு அண்ணன் எழுதுவது.

நலம். இருமல் போய்விட்டது, இப்போது தும்மல். மரத்தூள்தான் காரணம். புதிதாக எழும்புகிற அடுக்குமாடியில் இருபத்திரண்டாவது மாடிக்கு வந்துவிட்டோம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கதவு. கீல், கைப்பிடி, பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் என் பொறுப்பு. மேஸ்திரி என்னைத் "தாழ்ப்பாள் தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் சினிமா! இதற்கு ஏனடி இவ்வளவு ரகசியம்?

ஐந்தாம் பாகம் குப்பை. முதல் நாலு பாகத்தில் கேப்டன் யார்? தன் முகமூடியைக் கழற்றிச் சமையல்காரனுக்குக் காற்று கொடுத்தவர். எரிகிற விண்கப்பலுக்குள் மூன்று தடவை போய் வந்தவர். அவரைத் திடீரென்று, பழுதுபார்க்கும் ஒரு சாதாரணப் பெண்ணை ராத்திரியில் மிரட்டுகிற ஆளாகக் காட்டினால் எவன் நம்புவான்? அது போகட்டும். தாழ்ப்பாள் விஷயத்துக்கு வா. கப்பலில் தீப்பிடித்து, உள்ளே தாழ் போட்டிருந்தவர்கள் வெளியே வர முடியாமல் செத்துப்போனார்கள் என்றுதானே நாலாம் பாகத்தில் கேப்டன் எல்லா அறைத் தாழ்ப்பாளையும் தன் கையாலேயே பிடுங்கி எறிகிறார்? தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது. அப்புறம் ஐந்தாம் பாகத்தில் அவள் அறைக்கு மட்டும் தாழ்ப்பாள் எங்கிருந்து முளைத்தது? கதை எழுதினவன் தூங்கிவிட்டான், வேறென்ன.

அம்மாவைப் பார்த்து நடக்கச் சொல். குளியலறையில் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போடுங்கள்.

அண்ணன்

*

ஜூலை 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் தும்மலுக்கு மூக்கைத் துணியால் கட்டிக்கொள். அம்மாவின் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். குளியலறையில் ரப்பர் விரிப்பு ஏற்கெனவே இருக்கிறது.

தாழ்ப்பாளைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கடை அக்காவின் கணினியில் படம் இருக்கிறது. மதிய இடைவேளையில் தினமும் இருபது நிமிடம் பார்க்கிறேன். முதலில் கேப்டனைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் திடீரென்று மாறவில்லை, அண்ணா. பழைய பாகங்களையும் பார்த்தேன். இரண்டாம் பாகத்தில், வென்றுவிட்டுத் திரும்பி வரும் கேப்டன் சமையல்காரனின் தோளைத் தட்டக் கையைத் தூக்குவார். சமையல்காரன் தட்டோடு ஓர் அடி பின்னால் போவான். நாம் எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் பாகத்தில் சாப்பாட்டு மேசையில் அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருக்கும். அதை மரியாதை என்று நினைத்தோம். நாலு படத்திலும் அவரை வெளியே, ஆபத்தில், நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான் காட்டினார்கள். ஐந்தாவதில்தான் கதவைச் சாத்திய பிறகு காட்டுகிறார்கள். அதனால்தான் யாருக்கும் பிடிக்கவில்லை.

அவர் காப்பாற்றியது பொய் என்று படம் சொல்லவே இல்லை. காப்பாற்றியதும் அவர்தான், இதுவும் அவர்தான். அதுதான் அதில் பயமே.

நீ என்ன நினைக்கிறாய்?

உன் தங்கை

*

ஜூலை 23

எலிக்குட்டி,

நலம். இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ பெரிய விமர்சகி ஆகிவிட்டாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள். அத்தனை உயிருக்குப் பொறுப்பாக இருக்கிறவனுக்குக் கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்யும். அப்பாவையே எடுத்துக்கொள். நெருப்புக்குள் போய்விட்டு வருகிற மனுஷன் வீட்டில் வந்து கொஞ்சிக்கொண்டிருக்க முடியுமா? அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பரீட்சைக்குப் படி. பத்தாம் வகுப்பு விளையாட்டில்லை.

எட்டாம் பாகம் நன்றாக இருக்கும் என்கிறார்கள். கேப்டன் திரும்ப வருகிறாராம்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. படத்தைப் பற்றி மட்டும்தான் எழுதினேன். நீதான் அப்பாவை எடுத்துக்கொள்ளச் சொன்னாய். சரி, எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா நலம். மாடிப்படியில் விழுந்ததாகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். நம் வீட்டில் மாடியே இல்லை என்பது அந்த வீட்டு அத்தைக்குத் தெரியும். ஆனாலும் "ஐயோ பாவம், பாத்து ஏறக்கூடாதா" என்றுதான் சொன்னார். நானும் நலம். காதில் மட்டும் ஓர் இரைச்சல்.

போன வாரம் அப்பா எங்கள் பள்ளிக்கு வந்தார், தீப்பயிற்சி நடத்த. சீருடையில் விசில் ஊதி, எல்லாப் பிள்ளைகளையும் நாற்பது நொடியில் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். வகுப்பாசிரியை என் தலையைத் தடவி, "நீ குடுத்து வச்சவடி. வீட்டுல இப்படி ஒரு காவல் இருந்தா பயமே இருக்காது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இனி தாழ்ப்பாள். கதை எழுதினவன் தூங்கவில்லை, அண்ணா. முதல் நாள் ராத்திரி கேப்டன் வருகிறார். அவள் அறைக் கதவில் தாழ் இல்லை, தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறார். மறுநாள் அவள் தன் படுக்கையின் அடியிலிருந்து ஓர் இரும்புப் பட்டையைக் கரண்டிக் காம்பால் கழற்றுகிறாள். ஒன்பது நிமிடம், ஒரு வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. திருகு ஒவ்வொன்றாக வருவதை மட்டும் காட்டுகிறார்கள். தியேட்டரில் எல்லோரும் அலுத்துப்போய் விசிலடித்த இடம் அதுதான். அந்தப் பட்டைதான் தாழ்ப்பாள்.

நீ அதைப் பார்க்கவில்லை. கேப்டன் கதவைத் தள்ளிக்கொண்டே, மெதுவான குரலில், "நான்தானே. கோபமெல்லாம் போயிடுச்சு" என்று சொல்கிற இடத்தில் நீ எழுந்துவிட்டாய். "சோளப்பொரி வாங்கிட்டு வரேன், நீ அசையாம உக்காரு" என்று சொன்னாய். எனக்கு அப்போது ஒன்பது வயது, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். படம் முடிந்து வந்து பார்த்தால் நீ வெளியே படிக்கட்டில் இருந்தாய். கையில் பொரி இல்லை. ஆறு வருஷமாகப் பாதிப் படத்தைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. நாலாம் பாகம் பார்த்துவிட்டு வந்த வாரம்தான் அப்பா திருப்புளியை எடுத்துக்கொண்டு நம் வீட்டுத் தாழ்ப்பாள்களைக் கழற்றினார். குளியலறையையும் விடவில்லை. தீப்பிடித்தால் கதவு உடனே திறக்க வேண்டும் என்றார். திருகுகளை டப்பாவில் போட்டுக்கொண்டே நீ அவர் பின்னால் ஒவ்வோர் அறையாகப் போனாய். "நம்ம அப்பா கேப்டன் மாதிரியே இல்ல?" என்று என்னிடம் கேட்டாய்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் அப்பா கதவைத் தட்டியதே இல்லை. எதற்குத் தட்ட வேண்டும்?

நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன். இரண்டு நாள் போதும்.

உன் தங்கை

*

செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? ஆறு வாரமாகப் பதில் இல்லை. தினமும் கடையில் எட்டிப் பார்க்கிறேன். அக்கா என்னைக் கண்டதும் உதட்டைப் பிதுக்குகிறார், நான் அப்படியே திரும்பிவிடுகிறேன்.

ஆறு ஞாயிறும் நீ போன் செய்தாய். மழை பெய்ததா என்று அப்பாவிடம் கேட்டாய். என்னிடம், "நல்லா படிக்கிறியா?" என்றாய். "படிக்கிறேன்" என்றேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியை என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா எல்லாருக்கும் புடிச்ச ஆளப் பத்தி எதுக்கும்மா இப்படி? மூணாம் பாகத்தப் பத்தி எழுதேன், ஜாலியா இருக்கும்" என்றார்.

அம்மா நலம்.

உன் தங்கை

*

அக்டோபர் 5

தங்கைக்கு,

படத்தைப் பார்த்துவிட்டேன். முழுவதும்.

அறையில் எல்லோரும் வெளியே போன ஒரு விடுமுறை நாளில் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி போட்டேன். நீ சொன்னது சரி. அது நல்ல படம். அது நல்ல படம் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

அன்று தியேட்டர் கழிவறையில் வாந்தி எடுத்தேன். "கோபமெல்லாம் போயிடுச்சு" என்று அப்பா சொல்வது உனக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் சொல்வார் என்று நினைத்திருந்தேன். நீ சின்னவள், உன்மேல் கை வைக்க மாட்டார் என்றும் நினைத்திருந்தேன். நினைத்தேனா, அப்படி நினைத்தால்தான் ரயிலேற முடியும் என்று நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

அந்த டப்பாவை நான் மறக்கவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள். காதுக்கு மருத்துவரிடம் போ.

அண்ணன்

*

அக்டோபர் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே நின்று நாலு தடவை படித்தேன். அக்கா தண்ணீர் கொடுத்தார். கிழித்துப் போடத்தான் வேண்டும், ஆனால் "அது நல்ல படம்" என்ற வரியை மட்டும் கிழித்து எடுத்துப் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதை யார் பார்த்தாலும் சினிமா என்றுதான் நினைப்பார்கள்.

மருத்துவரிடம் போகச் சொல்கிறாய். யாரோடு போவது? அப்பாவோடா? அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாய். நான் பத்தாம் வகுப்பு, அண்ணா. உனக்கு இருபத்திரண்டு வயது.

நவம்பர் முதல் வாரம் அப்பாவுக்கு வெளியூர்ப் பயிற்சி, மூன்று நாள். அப்போது வா. எங்களைக் கூட்டிக்கொண்டு போ. அம்மா இரண்டு பை தயாராக வைத்திருக்கிறாள், நான் சொல்லித்தான். அவளை ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது.

ஐந்தாம் தேதி காலை ரயிலுக்கு நாங்கள் காத்திருப்போம்.

உன் தங்கை

*

நவம்பர் 10

தங்கைக்கு,

வரவில்லை. வேலை, விடுப்பு என்று காரணம் சொல்லலாம். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நாலாம் தேதி ரயில் நிலையம் வரை போனேன். டிக்கெட் கையில் இருந்தது. அவர் பயிற்சி ரத்தாகி வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. அவ்வளவுதான். வண்டி போய்விட்டது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இதோடு வரும் பொட்டலத்தில் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. ஆறு அங்குலம், நல்ல இரும்பு. கதவில் இடுப்பு உயரத்தில் வைத்துப் பென்சிலால் குறித்துக்கொள். முதலில் ஆணியால் துளையிடு, பிறகு திருகைப் போடு. சோப்பில் தடவிக்கொண்டால் லேசாக இறங்கும். ஒன்றரை அங்குலத் திருகு வைத்திருக்கிறேன், யானை இழுத்தாலும் வராது. நிலைச்சட்டத்தில் தாழ் நுழையும் கொண்டியைப் பொருத்தும்போது அவசரப்படாதே.

என்னால் முடிந்தது இதுதான்.

அண்ணன்

*

நவம்பர் 24

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. ஐந்தாம் தேதி நாங்கள் இரண்டு பையோடு நடைமேடையில் பதினொரு மணி வரை இருந்தோம். பிறகு அம்மா, "கறிகாய் வாங்கிட்டுப் போலாம், கேட்டா சொல்லலாம்" என்றாள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

பொட்டலம் வந்தது. தினமும் யாரென்றே தெரியாதவர்களுக்குப் பன்னிரண்டு தாழ்ப்பாள் போடுகிறாய். எனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறாய்.

நேற்று அப்பா இருபத்துநாலு மணி நேர வேலைக்குப் போன பிறகு பொருத்தினேன். ஆணியை அடிக்கும் சத்தம் கேட்டு அம்மா வந்து நின்றாள். என்னைத் தடுப்பாள் என்று நினைத்தேன். தாழ்ப்பாளைப் பிடித்து நேராக்கி, "கொஞ்சம் மேல" என்றாள். முடித்ததும் கீழே கிடந்த தூளைக் கூட்டி அள்ளினாள்.

நீ நம் வீட்டை மறந்துவிட்டாய், அண்ணா. உன் அடுக்குமாடிக் கதவுகள் தடிமனாக இருக்கும். என் அறைக் கதவு ஓர் அங்குலப் பலகை. உன் ஒன்றரை அங்குலத் திருகு நாலும் மறுபக்கம் முனை நீட்டிக்கொண்டு நின்றன. உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன், கல்லால் தட்டிப் பார்த்தேன், போகவில்லை. கடைசியில் வெளிப்பக்கம் அவற்றின்மேல் பரீட்சைக் கால அட்டவணையை ஒட்டினேன்.

இன்று சாயங்காலம் அப்பா வந்தார். அட்டவணையின் முன்னால் நின்று முழுவதும் படித்தார். "நல்ல பொண்ணு. எல்லாம் ஒழுங்கா இருக்கு" என்றார். பிறகு தாளை உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவினார். பாதியில் கை நின்றது. கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். எனக்குக் குழம்பு ஊற்றினார்.

அம்மாவையும் என்னோடு வந்து படுக்கச் சொன்னேன். "நானும் உள்ள வந்துட்டா அவரு நேரா இந்தக் கதவுக்குத்தான் வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்றிருந்தால் அது இதுதான். ஒவ்வொரு முறையும் அவள் வழுக்கி விழுந்தது எனக்கு முன்னால் வந்து நின்றுதான்.

நாளைக் காலை கடை அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். படத்தைப் பற்றி அல்ல. அவருடைய சித்தி நீதிமன்றத்தில் வக்கீலாம், முன்பே ஒரு தடவை என் காதைப் பார்த்துவிட்டு அக்கா சொல்லியிருக்கிறார். நான்தான் என் அண்ணன் வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தூக்கம் வரவில்லை, அதனால் கட்டுரையில் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். ஐந்தாம் பாகத்துக்கு முடிவே இல்லை என்று எல்லோரும் திட்டுகிறார்கள். கடைசி ராத்திரி கேப்டன் கதவைத் தட்டுகிறார், திரை இருண்டுவிடுகிறது, அவ்வளவுதான். அவள் திறந்தாளா, தாழ் தாங்கியதா என்று சொல்லவில்லையாம். அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. நாலு படம் முழுக்க, இந்தப் படத்திலும் அதுவரைக்கும், அந்த ஆள் ஒரு கதவைக்கூடத் தட்டியதில்லை. தள்ளிக்கொண்டுதான் போவார். முதல் தடவையாகத் தட்டுகிறார். தட்ட வேண்டியிருக்கிறது. அதைவிட ஒரு முடிவு

அண்ணா, கூடத்தில் விளக்கு எரிகிறது. கதவின் அடியில் நிழல் தெரிகிறது.

கதவை முதலில் தள்ளினார். திறக்கவில்லை. தாழ் அசையக்கூட இல்லை.

அண்ணா, அப்பா தட்டுகி